இரண்டு கதவா, நான்கு கதவா?

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை, பழைய ஹோண்டா சிவிக் வாங்கப் போகிறாள். கூபேயா, செடானா என்று மெயிலில் கேட்டிருந்தாள். (சிவிக் கூபே அங்கே 2020 மாடலோடு நின்றுவிட்டது, இனி செகண்ட் ஹேண்ட்தான்.)

எக்செல்லைத் திறந்து, இரண்டுக்கும் தனித்தனி நெட்டு வரிசை போட்டேன். எஞ்சின், மைலேஜ் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கதவில்தான் விஷயம். கூபேயின் இரண்டு கதவுகளும் நீளமானவை; நெருக்கமான பார்க்கிங்கில் முழுதாகத் திறக்க முடியாது. பின் சீட்டுக்குப் போக முன் சீட்டைச் சாய்த்து நகர்த்த வேண்டும். தங்கைக்கோ ஆறு மாதக் குழந்தை. குழந்தை சீட்டைப் பின்னால்தான் பொருத்த வேண்டும். தினமும் அந்த இடுக்கில் குழந்தையோடு குனிந்து நுழைவது இடுப்புக்கு ஆகுமா? கூபே அழகுதான், மறுக்கவில்லை. என் ஓட்டு செடானுக்கு.

நீங்களும் இப்படி ஒரு ஷீட் போட்டுப் பாருங்கள். முதல் வரியில் 'பின் சீட்டில் யார்?' என்று டைப் செய்யுங்கள். விலையை அப்புறம் போடலாம்.