போஸ்டருக்கு முன்னால் பங்குச்சாமியார்

ஆரம்பாக்கம் தொடங்கி பழவேற்காடு வரை, ஏரியோரக் குப்பங்களில் ஒரு சாவு விழுந்தால் முதல் ஓட்டம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறவரிடம்தான். அப்புறம் பந்தல், நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி. எந்த மதத்துக்காரர் வீடானாலும் இதே வரிசைதான். கத்தோலிக்க வீட்டில் மட்டும் ஒரு சிக்கல். 'நாளை மாலை 4 மணிக்கு அடக்கம்' என்று போஸ்டர் ஒட்டியாகிவிடும். அதே 4 மணிக்குப் பங்குச்சாமியாருக்கு வேறொரு கிளைக் கிராமத்தில் பூசை இருக்கும்.

சாமியாரிடம் நேரம் கேட்டுவிட்டு ஊருக்குச் சொல்லுங்கள். நாளும் பார்க்க வேண்டும். ராகுகாலம், எமகண்டம் அல்ல. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பெரிய சனி. இந்த மூன்று நாளும் அடக்கத் திருப்பலி கிடையாது. திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலத்து ஞாயிறுகளிலும் கிடையாது. அதற்காக உடலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். வாசகம், செபம், மந்திரிப்போடு அடக்கத்தை முடித்துவிட்டுப் பூசையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏரிக்கரைக்கு இந்தச் சடங்குகள் நேற்று வந்தவையல்ல. பழவேற்காட்டு மகிமை மாதா கோயில் போர்த்துகீசியர் காலத்தில், 1515-ல் எழுந்தது என்பார்கள். பின்னால் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தினார்கள். இன்றும் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

பெட்டி கோயில் வாசலுக்கு வந்ததும் சாமியார் தீர்த்தம் தெளிப்பார். இறந்தவர் என்றோ பெற்ற ஞானஸ்நானத்தின் நினைவு அது. பீடத்துக்கு முன்னால் பெட்டியை இறக்கி, அருகே பாஸ்கா திரியை ஏற்றி வைப்பார்கள். கடைசியில் பெட்டியைச் சுற்றிவந்து தூபம் காட்டுவார். வாசகம் வாசிக்க யார் என்பதை முதல்நாளே முடிவு செய்துவிடுங்கள். மகளைவிடப் பேத்தி நல்லது, தொண்டை அடைக்காது. மறையுரையில் புகழுரைக்கு இடமில்லை. வீட்டார் பேச விரும்பினால், நன்மை வாங்கி செபம் முடிந்த பிறகு இரண்டு நிமிடம் பேசலாம். மைக் கட்சிக்காரர் கைக்குப் போனால் அந்த இரண்டு நிமிடம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"என் சாம்பலைக் கடல்ல கரைச்சிடுங்கப்பா" என்று கேட்கிற பெரியவர்களும் உண்டு. 1963 முதல் தகனத்துக்குத் தடையில்லை. ஆனால் சாம்பலைக் காற்றிலோ மண்ணிலோ நீரிலோ தூவக் கூடாது, கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறது 2016-ல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல். வாழ்நாளெல்லாம் வலை வீசியவருக்கு இது கசக்கத்தான் செய்யும். எனக்கே அதில் முழு மனதில்லை. அதனால்தான் அவர் திடமாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். செத்த வீட்டில் அண்ணன் தம்பிகள் பேசித் தீர்க்கிற காரியமல்ல இது.

பங்கின் இறப்புப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டாலே அரசாங்கக் கணக்கும் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்பைப் பதிய வேண்டும். முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்லப் போகும்வரை தள்ளிப்போட்டால் கெடு தாண்டிவிடும். இறந்தவர் மீனவர் நல வாரிய உறுப்பினரென்றால், ஈமச்சடங்கு உதவிக்கும் அந்த அரசாங்கப் பதிவின் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

(தொடரும்)