நாலில் ஒன்றா, இருபதில் ஐந்தா? ஏமாறும் பிள்ளைகள்!

தஞ்சை:
"நாலு பாகத்தில் ஒன்று வேணுமா? இருபது பாகத்தில் ஐந்து வேணுமா?"

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் சட்டென்று சொல்லும் பதில், "ஐந்துதான்!"

ஐந்து பெரிசாம்! உண்மையில் இரண்டும் ஒன்றுதான்.

இது பள்ளிக்கூடத்தோடு முடிகிற கணக்கு அல்ல. அண்ணன் தம்பி நாலு பேருக்கு ஒரு வேலி நிலம். ஆளுக்கு எத்தனை மா? சொல்லத் தெரியாதவன், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான்!

தாள்தான் வயல்

"மேலேயும் கீழேயும் ஐந்தால் பெருக்கு" என்று மனப்பாடம் செய்தால் பரீட்சையோடு மறந்துவிடும். கண்ணால் பார்த்தால் மறக்காது.

ஒரு தாளை எடுங்கள். அது ஒரு வேலி. நெடுக்கில் நாலு சம பாகமாக மடித்து, ஒரு பாகத்துக்குப் பச்சை வண்ணம் பூசுங்கள். அது கால் வேலி.

இப்போது குறுக்கே சம இடைவெளியில் நாலு கோடு போடுங்கள். தாளில் 20 கட்டம். ஒரு கட்டம் ஒரு மா. பச்சைக் கட்டத்தை எண்ணுங்கள். ஐந்து! துண்டுதான் கூடியது. பச்சை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பரணில் கிடக்கும் படி

பழைய படி, உரி, உழக்கு, ஆழாக்கு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒன்று. தலை தட்டி இரண்டு ஆழாக்கு அரிசி போட்டால் உழக்கு நிறையும். எட்டில் இரண்டு, நாலில் ஒன்று. கணக்கு முடிந்தது!

கல்லிலும் கணக்கு

1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ஊர் நிலங்கள் வேலி, மா, காணி, முந்திரிகை என்று பின்னம் பின்னமாகக் குறிக்கப்பட்டுள்ளன. மாவில் கால் பங்கு காணி. மாவும் காணியும் சேர்ந்தால் 80-ல் 5. அதாவது 16-ல் 1. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சொன்ன 'மாகாணி' இதுதான்.

உஷார்!

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். சின்னத் தோசையில் பாதியும் பெரிய தோசையில் பாதியும் ஒன்றாகாது. யாராவது "உனக்குப் பாதி" என்றால், பிள்ளை கேட்க வேண்டிய முதல் கேள்வி:

"எதில் பாதி?"