ஆனைமுடியில் முதலில் ஏறியவர் யார்?

தேனி அல்லிநகரத்துக்கு மேற்கே, போடிமெட்டையும் மூணாறையும் தாண்டி நிற்கிறது ஆனைமுடி. உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரம். மெட்ராஸ் ராணுவத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் 1862 மே 4 அன்று அதன் உச்சியைத் தொட்டார். எழுத்தில் பதிவான முதல் ஏற்றம் அதுதான். ஆனால் ஏட்டில் முதலாமவர் என்பதாலேயே ஒருவர் மலையிலும் முதலாமவர் ஆகிவிடுவதில்லை. எவரெஸ்டில் 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் கால்பதித்ததை உலகம் முதல் வெற்றியாகக் கொள்வதில் நியாயம் உண்டு. அதற்கு முன் அந்த 8,849 மீட்டர் உயரத்தில் பிழைப்புக்காக நடமாடியவர் எவரும் இல்லை. ஆனைமுடி அப்படியல்ல. அங்கே உறைபனிச் சுவர் கிடையாது. சோலைக்காடும், அதற்கு மேல் புல் சரிவும்தான். கயிறும் கோடரியும் இல்லாமல் நடந்தே ஏறலாம். சுற்றிலும் முதுவர் குடிகள். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களின் வழிவழிச் செய்தி.

“சான்று எங்கே?” என்று கேட்கலாம். முதுவர் ஒருவரின் பெயரையும் தேதியையும் யாராலும் காட்ட முடியாது என்பது உண்மைதான். எழுதி வைப்பதும் உயரம் அளப்பதும் ஹாமில்டன் போன்றவர்களின் வழக்கம். தேன் எடுப்பவருக்கும் வேட்டைக்குப் போனவருக்கும் அது தேவைப்படவில்லை. பின்னாளில் ஆனைமுடி அமைந்துள்ள இரவிகுளத்தில் வரையாடுகளைக் காக்கும் காவலர்களாக முதுவர்களையே அமர்த்தினார்கள் என்பது, அந்தச் சரிவுகளை யார் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆகவே ஹாமில்டனின் தேதி புத்தகத்தில் இருக்கட்டும். அதற்கு முன்பே அங்கே மனிதத் தடம் பதிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம் என்பதையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மையான வரலாறு.