கருவி கைக்கு வந்தபின் செய்ய வேண்டியது

சங்கத்துக் கடன் அங்கத்தினரின் கைக்குச் சேர்ந்தவுடன் நமது கடமை தீர்ந்துவிடுவதில்லை. கறவை மாட்டுக்கென வாங்கிய பணம் மாடாயிற்றா, அம்மாடு கறக்கிறதா என்று பின்னர் சென்று பார்ப்பதும் கூட்டுறவு முறையேயாகும். மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கும் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செயற்கைக் கால் முதலிய சாதனங்களுக்கும் இவ்விதி பொருந்தும். முகாமில் பெற்ற நாற்காலி திண்ணையோரத்தில் துருவேறி நிற்பதைச் சில வீடுகளில் காண்கிறோம். பெற்றவரின் சோம்பல் இதற்குக் காரணமன்று. அவருடைய உடலுக்கும், வேலைக்கும், வீட்டுக்கும் ஏற்ப அதைப் பொருத்தித் தருவார் இல்லாமையே காரணம்.

இங்ஙனம் பொருத்தித் தருவதற்கென்றே ஒரு கல்வி உண்டு. மருத்துவமனைகளில் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என வழங்கும் தொழில்வழிச் சிகிச்சையே அது. தொழில் என்பது இங்கே கூலி வேலையை மட்டும் குறிப்பதன்று; குளித்தல், உடுத்தல், உண்ணல், சமைத்தல், தோட்டத்துக்குச் செல்லுதல் யாவும் அதில் அடங்கும். இந்தியாவில் இக்கல்வியை 1950-ஆம் ஆண்டில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர் அம்மையார்.

நம் மாநிலத்தில் இத்துறையை எண்ணும்போது வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் நினைவுக்கு வருவார். 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய இரு கால்களும் செயலிழந்தன. அதன்பின் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. கால்களின் இயக்கம் அவருக்கு மீளவில்லை, தொழில் மீண்டது. இச்சிகிச்சையின் நோக்கம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இனி, இச்சிகிச்சையாளர் செய்வது யாதெனப் பார்ப்போம்.

முதலாவதாக, ‘நீங்கள் எந்த வேலையை மீண்டும் செய்ய விரும்புகிறீர்கள்?’ என்று அவர் கேட்பார். தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட குடியானவர், பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்த நெசவாளர், இயந்திரத்தில் விரலிழந்த பனியன் தொழிலாளி ஆகிய மூவருக்கும் வேண்டுவது ஒன்றாயிராது.

இரண்டாவது, அளவு. நாற்காலியின் இருக்கை அகன்றால் உடல் ஒருபுறம் சாயும்; குறுகினால் தோல் உராயும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குப் புண் வருவதே தெரியாது. ஆகவே தக்க மெத்தையும், 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உடலைத் தூக்கி எடையை மாற்றும் பழக்கமும் அவருக்கு இன்றியமையாதவை. ஊன்றுகோலின் பிடி, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மட்டத்துக்கு வர வேண்டும். ஒரு கால் தளர்ந்தவர் கோலை எதிர்ப்புறக் கையில் பிடிப்பதே முறை.

மூன்றாவது, இடம். வாசல் ஓரடி உயரமாயின், சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதனினும் செங்குத்தாயின் தாமே ஏறுதல் அரிது. குண்டடம் பகுதியின் தோட்டத்துப் பாதைகளில் மழைக்குப்பின் நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் புதையும். அங்கே வீட்டுக்குள் நாற்காலியும், வெளியில் கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டியும் ஏற்றவையாகலாம்.

நான்காவது, வேலைக்கருவி. பிடி தளர்ந்த கைக்குக் கரண்டியின் காம்பிலோ களைக்கொத்தின் பிடியிலோ துணியையோ சைக்கிள் டியூபையோ சுற்றிப் பருமனாக்கினால் போதுமானதாக இருக்கக்கூடும். குழித்தறியில் இறங்க இயலாதவருக்கு உயரமான இருக்கையில் அமர்ந்து தார் சுற்றும் வேலையைப் பழக்கலாம். விலையுயர்ந்த சாதனமே சிறந்தது என்று எண்ண வேண்டுவதில்லை.

ஐந்தாவது, பயிற்சியும் மறுபார்வையும். சாதனத்தை இயக்கவும் பழுது பார்க்கவும் உரியவருக்கும் வீட்டாருக்கும் கற்பித்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பது அவசியம். குழந்தை வளரும், நோய் கூடும், குறையும், சக்கரம் தேயும். நேற்றுப் பொருந்தியது இன்று பொருந்தாமற் போகலாம்.

உலகில் 250 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஏதேனும் ஓர் உதவிச் சாதனம் தேவைப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் இவற்றுள் அடங்கும். ஆதலின் இது யாரோ சிலரின் காரியமென்று நாம் ஒதுங்குவதற்கில்லை. முதுமை நம் எல்லோரையும் அந்த வரிசையில் நிறுத்தும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை சில. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத் தாமதமின்றிப் பெறுக. சாதனங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சாதனத்தைத் தேர்ந்தெடுக்குமுன், தொழில்வழிச் சிகிச்சையாளரைக் காண வழியுண்டா என அரசு மருத்துவமனையில் விசாரிக்கவும். செல்லும்போது கதவின் அகலம், வாசற்படியின் உயரம், தறி இருக்கையின் உயரம் ஆகியவற்றை அளந்து குறித்துச் செல்க. வேலை செய்யும் இடத்தைக் கைபேசியில் படமெடுத்துக் காட்டினால் இன்னும் நன்று.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். சாதனம் பெற்ற அங்கத்தினரின் வீட்டுக்கு மூன்று மாதம் கழித்து ஒருவர் சென்று, ‘இதனால் எந்த வேலை நடக்கிறது?’ என்று கேட்டு வரட்டும். நடக்கவில்லையெனில், குறை எங்கேயென அறிந்து அவரை மீண்டும் சிகிச்சையாளரிடம் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்வோமாக. உழைக்க விரும்பும் ஓர் அங்கத்தினர் மீண்டும் தறிக்கும் தோட்டத்துக்கும் திரும்புவதைவிடச் சங்கத்துக்கு வேறு நல்ல வரவு இல்லை.