எல்லா மைக்கிலும் ஒரே இரைச்சல்

செஞ்சியில் எங்கள் வீட்டில் பாட்டி பாடிய தாலாட்டை ஒரே நேரத்தில் இரண்டு மைக் வைத்து கம்ப்யூட்டரில் பதிவு செய்திருந்தேன். பாட்டி இன்று இல்லை. அந்தப் பதிவு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் குரலை மூடியிருந்தது. இரண்டு பதிவுகளையும் ஆடாசிட்டி சாப்ட்வேரில் சேர்த்துக் கலந்தேன். 'உஸ்' இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. ரீங்காரம் குறையவே இல்லை!

காரணம் என்ன? 'உஸ்' ஒவ்வொரு மைக்கிலும் தனித்தனியாகப் பிறப்பது. கலக்கும்போது ஓரளவு அடங்கிவிடும். ரீங்காரமோ 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து இரண்டிலும் ஒன்றாக நுழைவது. கம்ப்யூட்டர் அதையும் பாட்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

வானத்திலும் இதே தலைவலி

பிரபஞ்சத்தின் ஆரம்பகால ஒளி இன்று மைக்ரோவேவாக எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. அதன் வெப்பநிலை வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்குதான். ஒளி அதிரும் திசையைக் காட்டும் போலரைசேஷன் அதைவிடவும் மங்கலானது.

2006-ல் ரஜிப் சாகா, பங்கஜ் ஜெயின், தருண் சவுரதீப் ஆகிய இந்திய ஆய்வாளர்கள் நாசாவின் டபிள்யூமேப் வெப்பநிலை வரைபடங்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார்கள். வெவ்வேறு கருவிகளின் சொந்த இரைச்சல் ஒத்துப்போகாது என்பதால் அது விலகிவிடும். ஆனால் இரைச்சலே பொதுவாக இருந்தால் இந்த வழி பலிக்காது.

2009-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலத்தில் அதுதான் நடந்தது. குளிர்சாதனக் கருவியின் மின் இடையூறு டிடெக்டர்களின் சிக்னலில் குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் புகுந்தது. அந்த அதிர்வெண்கள் தெரிந்ததால் அவற்றை மட்டும் கணக்கிட்டுக் கழித்தார்கள். பிறகு இரண்டு காலகட்ட வரைபடங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தார்கள். வானம் மாறாது, எனவே மிஞ்சுவது இரைச்சல்தான்.

நீங்களும் செய்யலாம்

1. முதலில் ஒரிஜினல் ஃபைலைக் காப்பி எடுத்து வையுங்கள்.
2. இரைச்சல் மட்டும் உள்ள இடத்தைத் தேர்வு செய்து, 'நாய்ஸ் ரிடக்ஷன்' பகுதியில் 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' கிளிக் செய்யுங்கள்.
3. முழுப் பதிவையும் தேர்வு செய்து, குறைந்த அளவு வைத்து, 'ரெசிட்யூ' என்பதை டிக் செய்து கேளுங்கள். நீக்கப்படும் சத்தம் மட்டும் ஒலிக்கும்.
4. திருப்தியானால் 'ரெட்யூஸ்' கொடுங்கள்.

பேராசையில் நான் அளவைக் கூட்டியபோது, ரெசிட்யூவில் பாட்டியின் குரலும் கேட்டது. உடனே குறைத்துவிட்டேன். கொஞ்சம் ரீங்காரம் இன்னும் இருக்கிறது. பரவாயில்லை, பாட்டியும் இருக்கிறார்.