காயம் ஆறுமுன் கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் விடியற்காலையில் உதிரிப்பூ வாங்கி, ஒன்றாம் நம்பர் பேருந்தில் காவிரியைக் கடந்து, சத்திரம் பேருந்து நிலையத்து வாசலில் அமர்ந்து பூத்தொடுத்து விற்றுப் பிழைக்கும் 42 வயதுப் பெண்மணி ஒருவரை, சாலையைக் கடக்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று மோதித் தள்ள, வலக்கை மணிக்கட்டு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாவுக்கட்டோடு அவர் வீடு திரும்பிய சில தினங்களில், அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் விசாரிப்பவர் ஒருவர் கோப்பும் கையுமாக வந்து நிற்பார். பெரும்பாலும் பண்பும் பரிவும் உடையவராகவே இருப்பார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"ஏதோ ரங்கநாதர் புண்ணியத்துல எழுந்து நடமாடுறேன் சார்."

"வண்டி வந்ததைப் பார்க்கலையாம்மா?"

"கூட்டத்துல நான்தான் சரியா கவனிக்கலை போலிருக்கு."

வீடு தேடி வந்தவரிடம் புலம்பலாகாது என்ற மரியாதையும், உயிர் பிழைத்ததே பெரிது என்ற நன்றியுணர்ச்சியும் சேர்ந்து சொல்ல வைத்த இவ்விரு பதில்களும், 'குணமடைந்து நடமாடுகிறார்', 'தம் கவனக்குறைவை ஒப்புக்கொள்கிறார்' என்று எழுத்தில் உருமாறி, அடியில் அவருடைய கையொப்பத்தையும் தாங்கி, பின்னாளில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவருக்கு எதிரான ஆதாரமாகவே வந்து சேரக்கூடும்.

அதனால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். அவருடைய மாத வருமானம் 12,000 ரூபாய், சம்பாதிக்கும் சக்தியில் நிரந்தர இழப்பு 20 சதவீதம் என்று கொண்டால், சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்சநீதிமன்றம் வகுத்தளித்தபடி ஆண்டு வருமான இழப்பைப் பெருக்க வேண்டிய, அவர் வயதுக்குரிய பெருக்கெண் 14. ஆகவே இந்த ஒரு தலைப்பில் மட்டும் 4,03,200 ரூபாய் வரும். விபத்தில் அவர் பங்கும் 25 சதவீதம் உண்டு என்று தீர்ப்பாயம் முடிவுசெய்தால், அதில் 1,00,800 ரூபாய் குறைந்துபோகும்.

இதனினும் நுட்பமான விஷயம் ஒன்றுண்டு. உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் சக்தியின் இழப்பு வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒரு கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ பிழைப்பையே இழந்துவிடலாம், அரசாங்க குமாஸ்தாவோ உத்தியோகத்தில் நீடிக்கலாம் என்பது அத்தீர்ப்பு காட்டிய உதாரணம். ஆகவே மருத்துவச் சான்று 20 சதவீதம் என்றாலும், விரல்களின் வேகமே மூலதனமான இப்பெண்மணிக்கு இழப்பு 40 சதவீதம் என்று நிரூபணமானால், தொகை 8,06,400 ரூபாயாக உயரும். "வேலைக்குப் போறீங்களா?" என்ற கேள்விக்கு "போறேன்" என்பது அரைகுறை உண்மைதான், "கடையில உட்காருறேன், பூத்தொடுக்கிறது எம்பொண்ணு" என்பதே முழு உண்மை.

நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. மிகைப்படுத்திய ஒரு சொல் வழக்கையே குலைத்துவிடும். கண்டதைச் சொல்லலாம், காணாததைத் தெரியாது எனலாம், காயம் எப்போது ஆறும் என்பதை டாக்டரிடம் விட்டுவிடலாம். காப்பீட்டு ஒப்பந்தம் வண்டிக்காரருக்கும் கம்பெனிக்கும் இடையிலானதாகையால், காவல் நிலையத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லக் கடமைப்பட்ட அப்பெண்மணி, இந்த விசாரணையாளருக்கும் உடனே எழுதிக்கொடுத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. தம் சொந்த பாலிசியின்கீழ்ப் பணம் கோருபவர் நிலைமை வேறு. அவர் விவரங்களைத் தந்தேயாக வேண்டும். எவ்வாறாயினும் வெற்றுத் தாளிலும், படித்துக் காட்டாத தாளிலும் கையெழுத்திடலாகாது. கையெழுத்திட்டதற்கு நகல் வாங்காமல் விடவும் கூடாது.

சமரசம் தவறன்று. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, அச்சட்டத்தின் 149-ஆம் பிரிவு, கம்பெனி நியமிக்கும் அதிகாரி 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தின் முன் ஒரு தொகையைக் கூற வழிசெய்கிறது. ஏற்க மறுத்தால் விசாரணை தொடரும். ஆனால் "முடித்துத் தருகிறோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. மனுச்செய்ய அதே திருத்தம் விதித்த கெடு ஆறே மாதம். மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட தொகைக்கோ மேல்முறையீடே கிடையாது. வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருப்பதால், நம் பூக்காரப் பெண்மணி திருச்சி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி, வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தாலோசித்த பிறகே விசாரிக்க வந்தவருக்குப் பதில் சொல்லலாம்.