வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர்... ஆஸ்லோவிலிருந்து எவ்வளவு தூரம்?

உலக வரைபடத்தில் நார்வேக்கு மேலே, கிட்டத்தட்ட உச்சியில், ஒரு தீவுக்கூட்டம் தெரியும். அதுதான் ஸ்வால்பார்ட். அங்கே சுமார் 2,500 பேர் வசிக்கும் ஊர் லாங்யேர்பியன். 'அடேயப்பா, இங்கே போக ஒரு நாள் ஆகுமோ?' என்று தோன்றுகிறதா? ஆஸ்லோவிலிருந்து நேரடி விமானத்தில் ஏறினால், மூன்று மணி நேரம்தான்!

கணக்கு ரொம்ப சிம்பிள். வடக்கு தெற்காக ஒரு டிகிரி அட்சரேகை என்றால் சுமார் 111 கி.மீ. ஆஸ்லோ விமான நிலையம் ஏறக்குறைய 60 டிகிரியில் இருக்கிறது. லாங்யேர்பியன் 78 டிகிரியில். வித்தியாசம் 18. பெருக்கினால் சுமார் 2,000 கி.மீ. இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையை ஒட்டி இருப்பதால், இந்தச் சின்னக் கணக்கே போதும்.

அப்போ வரைபடத்தில் ஏன் அவ்வளவு தூரமாகத் தெரிகிறது? நாம் அதிகம் பார்க்கும் மெர்கேட்டர் வரைபடம், உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டுகிறது. மேலே போகப் போக எல்லாமே இழுபடும். பூமத்திய ரேகையோடு ஒப்பிட்டால் 60 டிகிரியில் நீளம் இரண்டு மடங்காகவும், 78 டிகிரியில் ஏறக்குறைய ஐந்து மடங்காகவும் தெரியும். அதனால், தூரம் பார்க்க வரைபடத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள்!

ஆனால், அங்கே வாழ்பவர்களுக்கு இது வெறும் எண் இல்லை. 1975-ல் விமான நிலையம் திறக்கப்படும் வரை, குளிர்காலத்தில் கடல் உறைந்துவிட்டால் மாதக்கணக்கில் கப்பல் வராது. ஊரே தனித்தீவுதான். இன்றும் அங்கே இருப்பது சின்ன மருத்துவமனை. பிரசவத்துக்கான வசதி கிடையாது. கர்ப்பிணிகள் சில வாரங்களுக்கு முன்பே நார்வேயின் பிரதான நிலப்பகுதிக்குப் போய்விட வேண்டும். பெரிய சிகிச்சை என்றால், சுமார் 950 கி.மீ தள்ளியிருக்கும் ட்ரோம்சோ நகரத்துக்குப் பறக்க வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணம். வானிலை மோசமானால் அந்த ஒன்றரை மணி நேரம் எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் போக ஆசைப்பட்டால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஸ்வால்பார்டுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால், அது ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நார்வே வழியாகப் போய், அதே வழியாகத் திரும்பும் இந்தியர்களுக்கு, இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வேண்டும். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு கிளம்பினால், போய்விடலாம்... திரும்புவதுதான் சிக்கல்! டிக்கெட் போடும் முன் விசாவைச் சரிபாருங்கள்.